யாழ்ப்பாணத் தீவகம்

யாழ்ப்பாணத் தீவகம் என்பது இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கில், பாக்கு நீரிணையில் கிடக்கும் தீவுக் கூட்டம். வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சப்த தீவுகள் என்பர். காரைநகரைச் சேர்த்து வேறொன்றை விட்டு ஏழாக்குவோரும் உண்டு. ஏழு என்ற எண்தான் மாறாது. ஊர்காவற்றுறை என்பது வேலணைத்தீவின் வடமேற்கு மூலையிலுள்ள பட்டினம். வெளியார் தீவு முழுவதையும் அந்தப் பட்டினத்தின் ஐரோப்பியப் பெயரால் ‘கைற்ஸ்’ என்று அழைக்கப் பழகிவிட்டனர். நிர்வாகத்தில் தீவகம் வடக்கு, தீவகம் தெற்கு, நெடுந்தீவு, காரைநகர் என நான்கு பிரதேச செயலர் பிரிவுகள் உள்ளன. ஊர்காவற்றுறையும் அனலைதீவும் எழுவைதீவும் வடக்கில் அடங்கும். வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு ஆகியவை தெற்கில் அடங்கும். ஆட்களற்ற கச்சதீவு நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது.

இந்தத் தீவுகளில் யார் எங்கே குடியிருந்தார்கள், யார் யாரை ஆண்டார்கள், யார் விட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் இரண்டு காரியங்கள் தீர்மானித்திருக்கின்றன: குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கிறது, கடலை எப்படிக் கடப்பது. தீவகத்தின் புவியியலும் வரலாறும் இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

நிலமும் நல்ல தண்ணீரும்

தீவகத்தில் மலை இல்லை, ஆறும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அடியில் இருப்பது குடாநாட்டைப் போலவே மயோசீன் காலச் சுண்ணக்கல். அதன் மேல் மெல்லிய மண்படை, கரையோரங்களில் மணலும் பவளக்கல்லும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அப்போது தரை. இன்றைய தீவுகள் அந்தப் பெருஞ்சமவெளியின் சற்றே மேடான திட்டுகள். கடல் ஏறியபோது இவை மட்டும் முழுகாமல் எஞ்சின.

மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்றோடு வருகிறது. மற்ற மாதங்களுக்கான தண்ணீரை நிலம் சேமித்து வைத்திருக்க வேண்டும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர், கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடக் கொஞ்சம் இலேசானது என்பதால் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் தீவில் வாழ்வோரின் அச்சம் விளங்கும். மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடிக்கு உப்பு ஏறிவிடும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு சவராகும். ஒருமுறை சவரான கிணறு திரும்புவதற்குப் பல மாரிகள் வேண்டும். இயந்திரத்தால் நீரிறைக்கும் பழக்கம் வந்தபின் கெட்டுப்போன கிணறுகள் தீவகத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த அறிவு பாடநூலுக்கு முன்பே தீவாரிடம் இருந்தது. மணலில் ஆழமில்லாமல் தோண்டி, மேலே மிதக்கும் நன்னீரை மட்டும் கோலி எடுக்கும் குழிக்குப் பூவல் என்று பெயர். படிக்கட்டிய கேணி, மாட்டுக்கும் தோட்டத்துக்குமான துரவு, மழைநீர் தேங்கும் குளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல்லும் தனி வேலையும் இருந்தன. நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் ஊறாது. வேலணையின் தென்கரையில் சாட்டியின் மணற்பரப்பு அப்படிப்பட்ட ஓர் ஊற்றிடம். அயலூர்களுக்கும் அங்கிருந்தே குடிநீர் போயிருக்கிறது. நெடுந்தீவுக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள். அதே சாட்டியில் கடற்பயணிகளின் காவலியாகிய சிந்தாத்திரை மாதாவின் கோவில் இருப்பது பொருத்தமானது. தண்ணீர் கொடுத்த ஊரே வழித்துணைக்கும் வேண்டிக்கொள்ளும் ஊராக அமைந்தது.

நல்ல தண்ணீர் சில கிணறுகளில் மட்டும் ஊறும்போது, அந்தக் கிணற்றுக்கட்டில் யார் ஏறலாம் என்பது சாதிக் கேள்வியாகிவிடுகிறது. ஒடுக்கப்பட்ட சாதியார் பொதுக்கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால் வாங்கிச் செல்ல வேண்டிய நிலை தீவகத்தில் மிக அண்மைக்காலம் வரை இருந்தது. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) 1971ல் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் எல்லாருக்கும் அள்ளும் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் செய்தார்; அதற்காகத் தாக்கப்பட்டார். ‘புதுயுகம் பிறக்கிறது’, ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ ஆகியவற்றை எழுதிய மனிதர், தமிழில் மெய்யியலை இலக்கியமாக்க முயன்றவர், 38 வயதில் மறைந்தார். அவரை இலக்கிய வரலாற்றில் மட்டும் வைத்துப் பேசுவது போதாது. தீவகத்தின் நீர் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு.

பெயர்கள்

ஒல்லாந்தர் 1658ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆனது; காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கில ஆவணங்களில் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஊரார் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. போர்த்துக்கேயர் நெடுந்தீவைத் தங்கள் மொழியில் ‘பசுக்களின் தீவு’ என்றனர். பசுத்தீவு என்ற தமிழ்ப்பெயரும் அதற்கு இருந்தது. மேய்ச்சல் நிலத்தின் பெருமையைச் சொல்லும் பெயர் அது. கைற்ஸ் என்பதும் போர்த்துக்கேயச் சொல்தான். துறைமேடை என்பது அதன் பொருள். யானைகளின் துறைமேடை என்று அவர்கள் முழுதாகச் சொல்வதுண்டு.

ஊராத்துறை: யானையும் குதிரையும்

ஊர்காவற்றுறையின் பழம்பெயர் ஊராத்துறை. அதன் மிகச் சிறந்த சான்று நயினாதீவில் உள்ளது. நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கும் கல்வெட்டொன்று, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (ஆட்சி 1153–1186) பிறப்பித்த ஆணை. சிங்கள அரசன் ஒருவனின் ஆணை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கே வரவேண்டும், அங்கே அவர்களுக்குக் காவல் உண்டு என்று அது கூறுகிறது. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதைப் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பலானால் சரிபாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டும். ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை. பேராசிரியர் கா. இந்திரபாலா இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டபின் தீவகத்தின் இடைக்கால வரலாறு ஊகங்களிலிருந்து விடுபட்டு உறுதியான தரையில் நிற்கத் தொடங்கியது.

அதே காலத்துச் சோழர் கல்வெட்டொன்றும் ஊராத்துறையைக் குறிப்பிடுகிறது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம், பராக்கிரமபாகு சோழநாட்டின் மேல் படையெடுக்க ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய துறைகளில் படையும் கப்பலும் திரட்டியதையும், சோழர் படை அங்கே வந்து அடித்ததையும் சொல்கிறது. ஒரு பக்கம் வணிகருக்குக் காவல், மறுபக்கம் போர்க்கப்பல் கட்டுதல்: நல்ல துறைமுகத்துக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

யானை வணிகம் ஐரோப்பியர் காலத்திலும் தொடர்ந்தது. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடக்கச் செய்து குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியக் கரைகளுக்கு அனுப்பினர். துறையின் வாயிலில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, கடலுக்குள் தனித்து நிற்கும் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658ல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டனர். பீரங்கிக்குக் கோட்டைச்சுவர் தாங்கியது, குடிநீர்த்தொட்டி தாங்கவில்லை. சுற்றிலும் கடல் இருக்க, தாகத்தால் கோட்டை சரணடைந்தது. இலங்கையின் வடிவம் உப்பிட்ட பன்றித்தொடை போன்றது, இந்தக் கோட்டை அதன் குதி என்று கருதிய ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். ஊரார் கடற்கோட்டை என்கின்றனர். பின்னாளில் அது சிறையாயிற்று. அரசுக்கு எதிரான 1971 கிளர்ச்சியின் கைதிகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது.

பாய்க்கப்பல் காலம் முடிந்ததும் ஊர்காவற்றுறை சுருங்கியது. ஆனால் அந்தப் பகுதியின் ஊர்களில் வெளியுலகப் பார்வை தங்கிவிட்டது. அயலூரான கரம்பொனில் 1913ல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1964ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்று, 1966ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியவர். துறைமுக ஊரின் பிள்ளை தமிழைக் கடல் கடத்திக் கொண்டுபோனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நயினாதீவு

சுமார் 4 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள இந்தச் சிறுதீவைப் பெரிய கதைகள் சூழ்ந்திருக்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இதுவே என்று ஈழத்தில் பலர் கொள்வர். கோமுகிப் பொய்கையும் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரமும் அங்கே. மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே, மணியாசனத்துக்காகப் போரிட்ட மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசரைப் புத்தர் சமாதானப்படுத்திய இடம் இதுவே என்று பௌத்தர் கொள்வர். ஆயினும் 1936ல் குடாநாட்டிலுள்ள வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை ஓர் அமைச்சன் ஆண்டதாகச் சொல்வதால், நாகதீபம் என்ற பெயர் முதலில் குடாநாடு முழுவதையும் குறித்தது என்பதே வலுவான முடிவு. பெயர் சுருங்கிச் சுருங்கி ஒரு தீவில் வந்து தங்கியிருக்கலாம்.

கோயிற்கதை வேறு. அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து பூவோடு நீந்திவந்த நாகத்தைக் கருடன் தடுத்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் இடையிட்டுக் காப்பாற்றினான். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் கடலோரத்தில் இரண்டு பாறைகளை இன்றும் காட்டுவர். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் அழித்தனர். இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1958 இனக்கலவரத்தில் எரியூட்டப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. ஆனிமாத மகோற்சவத்துக்கு இலங்கை முழுவதிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் அடியார் வந்து சேர்வர். அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். காப்பியத்துப் பாத்திரம் மணிபல்லவத்தில் கிடைத்ததோ இல்லையோ, அந்தப் பெயரோடு இங்கே நாள்தோறும் சோறு வடிக்கப்படுகிறது.

சற்றுத் தள்ளி நாகவிகாரை. 20ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த விகாரைக்குத் தென்னிலங்கை யாத்திரிகர் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த வருகை பலமடங்கு பெருகியது. குறிகட்டுவானில் ஒரே படகில் இரு சமயத்தாரும் ஏறுகின்றனர். தீவில் முதல் இறங்குதுறை எது, அடுத்தது எது என்பதில்தான் வழி பிரிகிறது.

நெடுந்தீவு

ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் 4,000க்கும் சற்றுக் குறைவான மக்கள். தூரத்தால் மற்றத் தீவுகளிலிருந்து பிரிந்து கிடப்பதால் நிலத்தோற்றமே வேறு. பவளக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள் வேலியாக நிற்கின்றன. பனைக்கூடலுக்கு அப்பால் தெற்கே மரமற்ற புல்வெளி விரிந்து கிடக்கிறது. அங்கே கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் காலத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி தீவை நிர்வகித்துக் குதிரை வளர்த்த கதையை ஊரார் இன்னும் சொல்வர். வளர்ப்பு கைவிடப்பட்டது, குதிரைகள் தங்கிவிட்டன. 2015ல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் தண்ணீர் வந்துவிடவில்லை. கோடை நீண்ட ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் இறந்து கிடந்த செய்திகள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. பூங்காவுக்குள் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் தொட்டிகளும் தூர்வாரிய குளங்களும்தான் முதல் தேவை.

மேற்கில் வெடியரசன் கோட்டை என வழங்கும் பவளக்கல் இடிபாடு இருக்கிறது. முக்குவர் தலைவன் வெடியரசனின் கதை மட்டக்களப்பு வரை வாய்மொழியாகப் பரவியது. அவ்விடத்திலுள்ள வட்டவடிவ அடித்தளங்கள் பௌத்தத் தூபிகளுடையவை என்பர் தொல்லியலார். தமிழரும் பௌத்தராக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டு இவற்றைப் பார்த்தால் வீண் சண்டைதான் மிஞ்சும். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, தெற்கு முனையில் குயின்ரா கோபுரம் எனப்படும் பழைய கப்பல்வழிகாட்டி, அராபிய வணிகரோடு ஆபிரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் பெருக்கு மரம் ஆகியவையும் உள்ளன. அந்த மரத்தின் பொந்துக்குள் பலர் நிற்கலாம். தீவின் மண்ணில் விளைந்த சாயவேர், துணிக்குச் சிவப்பேற்றும் சரக்காக ஒல்லாந்தருக்கு வருவாய் தந்தது.

புவியியல் படித்து நிர்வாக அதிகாரியான செங்கை ஆழியான் 1973ல் வெளியிட்ட ‘வாடைக்காற்று’ நாவலின் களம் நெடுந்தீவு. வலசைவரும் கூழைக்கடாக்களும் பருவத்துக்கு வாடியமைக்க வரும் மீனவரும் அதில் ஒரே காற்றில் வருகின்றனர். 1978ல் அது திரைப்படமாயிற்று.

கடவைகள்

தீவாரின் பேச்சில் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பது கடவையால்தான். வாடை வடகிழக்கிலிருந்து வரும், சோளகம் தென்மேற்கிலிருந்து. சோளகம் எழுந்தால் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும், படகு நிற்கும்.

யாழ்ப்பாணக் கோட்டையருகே பண்ணையில் தொடங்கும் தாம்போதி மண்டைதீவையும் வேலணையையும் குடாநாட்டோடு இணைக்கிறது. இரு பக்கமும் முழங்காலளவு நீர். அதில் சிறகுவலைகளின் தடிவரிசை, மாரியில் பூநாரைகள். பொன்னாலைத் தாம்போதி காரைநகரை இணைக்கிறது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லும் நீண்ட தாம்போதிக்கு வாணர் தாம்போதி என்று பெயர். அதற்காக ஓயாது உழைத்த அம்பலவாணர் சகோதரர்களைப் பெரியவாணர், சின்னவாணர் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அமைச்சர் பெயர் எதுவும் அந்தப் பாலத்துக்கு ஒட்டவில்லை. ஊருக்காக அலைந்தவர்களின் பெயரே ஒட்டியது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் இன்னும் பாலமில்லை. கடற்கோட்டையைப் பார்த்தபடி ஒரு மிதவை அங்கே ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது. அந்த மிதவைக்கு மக்கள் வைத்த பெயர் ‘பாதை’. பாதை பழுதானால் எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்கு யாழ்ப்பாணம் சுற்றிப் போக வேண்டும்.

வீதியால் இணையாத தீவுகள் நான்கு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவானிலிருந்து படகு. முன்னதற்குக் கால்மணி நேரம், பின்னதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். குமுதினி, வடதாரகை, எழுதாரகை என்று படகுகளின் பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்குகின்றன. 2017ல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை சேர்ந்தது. படகுநேரமே நெடுந்தீவின் கடிகாரம். ஆசிரியர் வருவதும் கந்தோர் திறப்பதும் மீன் சந்தைக்குப் போவதும் அதைப் பொறுத்தவை. இரவில் பிரசவவலியோ நெஞ்சுவலியோ வந்தால் கடற்படைப் படகையோ விமானப்படை உலங்குவானூர்தியையோ எதிர்பார்க்க வேண்டும்.

குமுதினி என்ற பெயரைச் சொல்லும்போது நெடுந்தீவார் குரல் தாழும். 1985 மே 15 காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்தவர்கள் பயணிகளை ஒவ்வொருவராக வெட்டினர். குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது, தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. அதே படகு பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, இறந்தவர்களின் உறவினரையும் ஏற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடியது. வேறு படகு இருக்கவில்லை.

ஆளொழிந்த வீடுகள்

போருக்கு முன்னரே தீவார் வெளியே போய்ப் பொருளீட்டப் பழகியவர்கள். மண் குறைவு, தண்ணீர் குறைவு, கடல் பழக்கம். மூன்றும் சேர்ந்து அவர்களை வணிகராக்கின. புகையிலை, சுருட்டுக் கடைகளும் உணவுக் கடைகளும் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் அவர்களுடையவை. மலாயாவுக்குப் போனோரும் பலர். உழைப்பு ஊருக்குத் திரும்பி நாற்சார் வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் கோயில் தேராகவும் நின்றது. காரைநகரில் 1967ல் நோர்வே உதவியோடு தொடங்கிய சீ-நோர் நிறுவனம் படகும் வலையும் செய்தது. அந்தத் தொடர்பு வழியாகவே பல தமிழ் இளைஞர் போருக்கு முன்னரே நோர்வே போய்ச் சேர்ந்தனர்.

1990 ஓகஸ்டில், முற்றுகையிலிருந்த யாழ்ப்பாணக் கோட்டையை மீட்க இராணுவம் தீவகத்தில் இறங்கியது. மக்கள் குடாநாட்டுக்குள் ஓடினர். மண்டைதீவில் அப்போது பிடிக்கப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. அங்குள்ள கிணறுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டுமென்று உறவினர் இன்னும் கேட்டு நிற்கின்றனர். 1992 ஓகஸ்ட் 8ல் வேலணைத்தீவின் அராலித்துறையில் கண்ணிவெடியில் தளபதி டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட உயர் படையதிகாரிகள் கொல்லப்பட்டனர். 2006 மே மாதம் அதே தீவின் அல்லைப்பிட்டியில் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் காணாமற்போனார்.

போனவர்களில் பெரும்பகுதி கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா என்று தங்கிவிட்டது. வேலணையிலும் புங்குடுதீவிலும் கூரை விழுந்த கல்வீடுகளுக்குள் ஆலும் பூவரசும் வளர்ந்து நிற்பதை வீதியிலிருந்தே காணலாம். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006) ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் எழுதியது இந்த ஆளற்ற ஊரைத்தான். ஈழக் கவிதையில் இடப்பெயர்வைப் பற்றி நிறைய எழுதப்பட்டது; விட்டுவந்த வீட்டின் தனிமையை அவரளவு உணர்ந்தவர் அரியர். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி ‘கொரில்லா’, ‘ம்’ நாவல்களில் தீவகத்தின் கொடுங்காலத்தைப் பதிவு செய்தார். அவர் நடித்த ‘தீபன்’ 2015ல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது.

மின்சாரமும் அயல்நாடுகளும்

நாட்டின் மின்கட்டமைப்போடு இணையாத தீவுகள் நீண்டகாலம் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தன. அந்த டீசலும் படகில் வர வேண்டும். எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, டீசல் மூன்றையும் இணைத்த சிறு நிலையம் முதலில் அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. தன் கரைக்கு இவ்வளவு அருகில் சீனா வருவதை இந்தியா எதிர்த்தது. சீனத் திட்டம் கைவிடப்பட, 2022 மார்ச்சில் இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையோடு முன்வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாற் சூரிய ஒளியிலிருந்தும் 530 கிலோவாற் காற்றிலிருந்தும் பெறுவது அதன் அளவு. சில ஆயிரம் பேருக்கு விளக்கேற்றும் வேலைக்கு இரண்டு பெருநாடுகளின் இழுபறி தீரக் காத்திருக்க நேர்ந்தது.

கடலிலும் அதே நெருக்கம். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் தீவகக் கடலில் நண்டு வலைகளை அறுத்துச் செல்வது தீராத வழக்கு. கரையில் பெருகிவரும் கடலட்டைப் பண்ணைகள் சிலருக்கு வருமானம் தருகின்றன. களங்கட்டி, சிறகுவலை வைக்கும் சிறுமீனவருக்கு இடம் சுருங்குகிறது. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெற் மைதானத்துக்கு வேலை தொடங்கியபோது, அந்த ஈரநிலத்தில் மழைநீர் எங்கே போகும் என்று சூழலியலாளர் கேட்டனர். அந்தக் கேள்வியை அபிவிருத்தி விரோதமென்று ஒதுக்குவது தவறு. மழைநீர் இறங்கும் நிலம்தான் தீவுக்கு நீர்த்தொட்டி.

குடாநாட்டுக் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நெடுந்தீவில் சிறிய சுத்திகரிப்பு இயந்திரங்கள் இயங்குகின்றன. மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கும் என்பது புதிய நிலைமை.

கச்சதீவு

285 ஏக்கர். 1974 ஒப்பந்தத்தால் இலங்கைக்குரியதாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசியலில் அதன் பெயர் தேர்தல்தோறும் எழும். அங்கே குடியிருப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் எழுப்பிய புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. 2016ல் புதிய ஆலயம் கட்டப்பட்டது. பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ நடக்கும் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் நெடுந்தீவு, குறிகட்டுவான் வழியாகவும் ஆயிரக்கணக்கானோர் வந்து, கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி முடித்து மறுநாள் திருப்பலியோடு கலைகின்றனர். தீவில் குடிக்கத்தக்க தண்ணீர் இல்லை. அந்த இரண்டு நாட்களுக்கும் வேண்டிய குடிநீரைக் கடற்படை கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறது.